குழந்தைக்கு ஆட்டிசமோ என்ற ஐயம் வந்தால்: முதல் கவனிப்பிலிருந்து சான்றிதழ் வரை

என் மகனுக்கு 19 மாதம் நடக்கும்போது எனக்கு ஐயம் வந்தது. பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் வளர்ச்சிநிலைக் குறைபாடான ஆட்டிசம்தான் என்று எழுத்தில் கிடைத்தபோது அவனுக்கு 34 மாதம். இடைப்பட்ட 15 மாதங்களில் ஐந்து மாதம் எந்தக் குடும்பத்துக்கும் தேவைப்படக்கூடியது. மீதிப் பத்து மாதமும், எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்று சொல்ல ஆளில்லாததால் வீணாகப் போனவை. காது கேட்கிறதா என்று பார்க்காமலேயே நான்கு மாதம் பேச்சுப் பயிற்சிக்கு அலைந்தோம். தேவைப்படாத ஒரு ஸ்கேனுக்காக ஐந்து வாரம் காத்திருந்தோம். ஒரு மையத்தில் கொடுத்த ஒற்றைத் தாளை நோயறிதல் அறிக்கை என்று நம்பி மூன்று மாதம் இருந்துவிட்டோம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் இதே வழியில் இன்று கால் வைக்கும் பெற்றோருக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. குழந்தையைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவரிடம் போய்ச் சேரும் வழியையும், போகும்போது கையில் இருக்க வேண்டியவற்றையும் மட்டுமே நான் சொல்கிறேன்.

புறப்படும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. குழந்தையின் நடத்தையை நேரில் பார்த்தும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே நீங்கள் கொண்டுபோகும் குறிப்புகளுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அனுபவமுள்ள மருத்துவரால் இரண்டு வயதிலேயே பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியும். ‘மூன்று வயது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் அதை ஏற்றுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

1. ஒரு வாரம் கவனித்து, தேதி போட்டு எழுதுங்கள்

எல்லாக் குடும்பங்களும் முதலில் கவனிப்பது பேச்சு வரவில்லை என்பதைத்தான். ஆனால் மருத்துவர் முதலில் விசாரிப்பது, பேச்சுக்கு முன்னால் வர வேண்டியவை வந்தனவா என்பதைப் பற்றி. நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘அதோ நிலா’ என்று நீங்கள் விரல் நீட்டினால், ஒரு வயதைக் கடந்த குழந்தை பொதுவாக விரல் போகும் திசையில் பார்க்கும், பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒன்றரை வயதுக்குள் தானாகவே காக்கையையோ பேருந்தையோ ஆட்காட்டி விரலால் சுட்டி, அம்மாவும் பார்த்தாளா என்று உங்கள் பக்கம் திரும்பும். என் மகன் மொட்டைமாடியில் என் இடுப்பில் இருந்தபடி நிலாவையும் பார்க்கவில்லை, என் விரலையும் பார்க்கவில்லை. என் புடவைத் தலைப்பில் பிரிந்திருந்த ஒரு நூலை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், என் கையை எடுத்து டப்பாவின் மேல் வைப்பான். அப்போதும் என் முகத்தைப் பார்க்க மாட்டான். பின்னாளில் மருத்துவர் என்னிடம் அதிக நேரம் கேட்டது இந்த இரண்டையும் பற்றித்தான்.

வயதுவாரியாகப் பார்க்க வேண்டியவை இவை. ஒன்பது மாத அளவில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். மகிழ்ச்சி, கோபம், வியப்பு ஆகியவை முகத்தில் தெரிய வேண்டும். ஒரு வயதில் டாட்டா காட்டுவது, தூக்கச் சொல்லிக் கை நீட்டுவது, சாமி கும்பிடுவது போன்ற சைகைகளில் சிலவாவது இருக்க வேண்டும். ஒன்றரை வயதில், வேண்டியதைக் கேட்பதற்கு மட்டுமல்லாமல், பிடித்ததைக் காட்டுவதற்காகவும் விரலால் சுட்ட வேண்டும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லையாவது சேர்க்க வேண்டும். இரண்டரை வயதில் பொம்மைக்குச் சோறூட்டுவது, வெறும் டம்ளரில் காப்பி குடிப்பது போலப் பாவனை செய்வது போன்ற விளையாட்டு வந்திருக்க வேண்டும்.

மறுபக்கத்தில் உள்ளவற்றையும் எழுதுங்கள். வண்டியை ஓட்டாமல் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் சுழற்றுவது, செருப்புகளை வரிசையாக அடுக்கி அதைக் கலைத்தால் ஓயாமல் அழுவது, கைகளை உதறுவது, நுனிக்காலில் நடப்பது, மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வது, ஒரே பதத்தில் உள்ள உணவைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதது, தொலைக்காட்சி விளம்பர வசனத்தைப் பொருளில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்வது போன்றவை அவை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அது ஆட்டிசம் ஆகிவிடாது. பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் உள்ள குறையும், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களும் சேர்ந்து இருக்கின்றனவா என்பதே கேள்வி. பெண் குழந்தைகளிடம் இவை மேலோட்டமாகத் தெரியாமல் தவறிப்போவது அதிகம் என்பதால், ‘பொண்ணு கூச்ச சுபாவம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

குழந்தை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களை நிறுத்திவிட்டால், அல்லது செய்துகொண்டிருந்த சைகைகளைக் கைவிட்டால், இந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். அடுத்த நாளே மருத்துவரிடம் போங்கள்.

இந்தக் கட்டத்தில் வரும் முதல் தடை வீட்டுக்குள்ளிருந்தே வரும். ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’, ‘அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்’ என்று சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். நாக்கில் வசம்பு தடவிப் பார்ப்போம் என்று என் மாமியார் சொன்னபோது நானும் நம்பினேன். அதில் எங்களுக்கு இரண்டு மாதம் போனது. பெரியவர்களோடு வாதாடத் தேவையில்லை. அவர்கள் சொல்வதைச் செய்துகொண்டே, அதே வாரத்தில் மருத்துவரிடமும் நேரம் வாங்கிவிடுங்கள்.

2. கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள்

மருத்துவமனை அறையில் பத்து நிமிடத்தில் குழந்தை அழுதுகொண்டிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது வீட்டில் ஒருநாளும் இல்லாத அமைதியோடு இருக்கலாம். எனவே ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஓடும் ஐந்தாறு காணொளிகள் போதும்: பின்னால் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது, தனியாக விளையாடுவது, மற்றக் குழந்தைகளுக்கு நடுவில் இருப்பது, சாப்பிடுவது, வேண்டியதைக் கேட்கும் விதம், கோபம் வந்தால் நடந்துகொள்ளும் விதம். குழந்தை சரியாகத் திரும்பிப் பார்க்கும் காணொளி கிடைத்தால் அதையும் வையுங்கள். மருத்துவருக்கு முழுப் படம் வேண்டும். கூப்பிடும்போது கையைத் தட்டாதீர்கள், பிஸ்கட் பாக்கெட்டை ஆட்டாதீர்கள். பெயரை மட்டும் வழக்கமான குரலில் சொல்லுங்கள். முதல் பிறந்தநாள் காணொளி இருந்தால் அதைத் தேடி எடுத்து வையுங்கள், ஏனெனில் ஒரு வயதில் குழந்தை எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

3. எம்-சாட்-ஆர் வினாப்பட்டியலை நிரப்புங்கள்

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறிகள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும், 20 கேள்விகள் கொண்ட பட்டியல் இது. கட்டணம் கிடையாது, தமிழ் வடிவமும் இணையத்தில் கிடைக்கிறது. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியாக நிரப்பிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்; பகலில் குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரிடமும் கேளுங்கள். எப்போதோ ஒருமுறை செய்ததை வைத்து ‘ஆம்’ என்று எழுதக்கூடாது. வழக்கமாகச் செய்கிறதா என்பதே கேள்வி.

மதிப்பெண் போடுவதில் பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான கேள்விகளில் ‘இல்லை’ என்ற பதிலுக்குத்தான் ஒரு மதிப்பெண். 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளில் மட்டும் ‘ஆம்’ என்ற பதிலுக்கு மதிப்பெண். காது கேட்கவில்லையோ என்று நீங்கள் ஐயப்பட்டதுண்டா, கண்ணருகே விரல்களை விநோதமாக அசைக்கிறதா, அன்றாட ஓசைகளால் குழந்தை கலங்குகிறதா என்பவையே அந்த மூன்றும். மொத்தம் 0 முதல் 2 வரை என்றால் ஆபத்து குறைவு. குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை என்றால், ஆனபின் மறுபடி நிரப்ப வேண்டும். 3 முதல் 7 வரை என்றால், இதன் இரண்டாம் பகுதியான தொடர்கேள்விகளை மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் அதற்கும் காத்திராமல் முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும்.

இது வடிகட்டும் கருவி மட்டுமே. 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டத்திலும் ஐயத்துக்குரியவர்களாக வந்து மதிப்பீடு செய்யப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது. ஆனால் மீதிப்பேரில் மிகப் பெரும்பாலோருக்கு வளர்ச்சியில் ஏதோ ஒரு தாமதமோ கவலைக்குரிய நிலையோ இருந்தது. அதிக மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அன்றிரவே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதேபோல், குறைந்த மதிப்பெண் வந்தும் உங்கள் மனத்தில் ஐயம் நீங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போவதை நிறுத்த வேண்டாம்.

4. காது கேட்கும் பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடுங்கள்

என்னிடம் யாரும் சொல்லாத படி இதுதான். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு, பேச்சு வராத குழந்தைக்கு, காது கேட்கிறது என்று முதலில் உறுதியாக வேண்டும். ‘சாக்லேட் தாள் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறானே, காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது’ என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். சில ஒலிகளைக் கேட்கும் குழந்தைக்குப் பேச்சு ஒலிகளில் சில கேட்காமல் போகலாம். சளி கட்டி நடுக்காதில் நீர் சேர்ந்திருந்தாலும் கேட்கும் திறன் குறையும். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி செய்ய வேண்டும். மருத்துவமனைகளில் இதற்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு: உட்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., தலையில் கம்பி ஒட்டி ஒலிக்குக் கேள்வி நரம்பும் மூளையும் காட்டும் பதிலைப் பதியும் பெரா. சின்னக் குழந்தைகளுக்கு பெரா பரிசோதனை தூக்கத்தில்தான் செய்யப்படும்.

இங்கேதான் நாள் வீணாகும். எங்களுக்குக் காலை 11 மணிக்கு நேரம் கொடுத்தார்கள். போகும் வழியில் பேருந்தில் அரைமணி நேரம் தூங்கிவிட்ட என் மகன், அங்கே போனபின் தூக்க மருந்து கொடுத்தும் தூங்கவில்லை; நெற்றியில் ஒட்டிய கம்பியைப் பிடுங்கி எறிந்தான். மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்த நேரம் கிடைத்தது. அடுத்த முறை முந்தைய இரவு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாகத் தூங்க வைத்து, விடியற்காலையில் எழுப்பி, வழி முழுக்க அவனைத் தூங்கவிடாமல் என் தங்கை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அறைக்கு வெளியே தலைக்கு எண்ணெய் இல்லாமல், அவனுடைய பழைய போர்வையோடு தோளில் போட்டுக்கொண்டதும் பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். தலையில் எண்ணெய் இருந்தால் கம்பி ஒட்டாது, ஆகையால் முந்தைய நாளே தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரம் உணவும் பாலும் கூடாது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

தனியாரிடம் நாங்கள் 1,800 ரூபாய் கொடுத்தோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு வழியாகப் போனால் செலவில்லை, காத்திருக்கும் நாள் கூடும்.

5. யாரிடம் போவது

தடுப்பூசி போடும் வழக்கமான குழந்தை மருத்துவரிடமே தொடங்குங்கள். ஆனால் ‘பார்ப்போம்’ என்ற சொல்லோடு திரும்பி வராதீர்கள். குறிப்பையும் எம்-சாட்-ஆர் தாளையும் காட்டி, பரிந்துரைக் கடிதம் எழுதித் தரும்படி கேளுங்கள். ஆட்டிசம் என்று முடிவு சொல்லும் தகுதியும் பழக்கமும் உள்ளவர்கள்: குழந்தை வளர்ச்சிநிலையில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவர், குழந்தைகள் மனநல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர் ஆகியோரும், அவர்களோடு சேர்ந்து சோதனைகளைச் செய்யும் மருத்துவ உளவியலாளரும்.

அரசு வழியில் போவதானால், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்தான் வாசல். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும், முகப்பில் ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை. இத்திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் என்பதால், அங்கன்வாடி ஊழியரிடம் அடுத்த வருகை எப்போது என்று கேட்டு, உங்கள் குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள நிப்மெட் எனப்படும் மத்திய அரசு நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யின் வளர்ச்சிநிலைக் குழந்தை மருத்துவப் பிரிவு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை ஆகியவை தமிழ்நாட்டுப் பெற்றோர் வழக்கமாக நாடும் இடங்கள். எங்கே போனாலும் ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். வெளியூர் என்றால் குறைந்தது மூன்று நாள் தங்கும் ஏற்பாட்டோடு போங்கள்.

என் கருத்து இது: வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு மையத்தில் ஒரு பதிவைப் போட்டு வைத்துவிடுங்கள். பிற்பாடு மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அரசு மருத்துவரிடம்தான் போயாக வேண்டும்; அங்கே குழந்தையை ஏற்கெனவே அறிந்த ஒருவர் இருப்பது பெரிய துணை.

தனியார் மையத்துக்குப் போகும் முன், சோதனை செய்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கழகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். எங்களுக்கு ஒரு மையத்தில், நோயறியும் தகுதியில்லாத ஒருவர், இருபது நிமிடம் பார்த்துவிட்டு ‘லேசான ஆட்டிசம்’ என்று எழுதிக்கொடுத்து, அன்றே ஆறு மாதப் பயிற்சிக்கு முன்பணம் கேட்டார். பதிவு எண் கேட்க எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. அந்தத் தாளை வேறு எந்த மருத்துவமனையும் ஏற்கவில்லை.

6. கோப்பில் இருக்க வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், பெற்றோர் இருவரின் ஆதார், குடும்ப அட்டை, தாய்-சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை, பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, குழந்தை பிறந்தவுடன் சிறப்புப் பிரிவில் இருந்திருந்தால் அதன் தாள்கள், காது பரிசோதனை முடிவு, பரிந்துரைக் கடிதம், உங்கள் குறிப்பு, நிரப்பிய வினாப்பட்டியல், எட்டுப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் மூன்று ஸெராக்ஸ் எடுத்து வையுங்கள். அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

குழந்தை பிறந்தது எத்தனையாவது வாரம், எடை எவ்வளவு, பிறந்தவுடன் அழுததா, வலிப்பு வந்ததுண்டா, எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது, முதல் சொல் எது, குடும்பத்தில் வேறு யாருக்காவது பேச்சுத் தாமதமோ வலிப்போ உண்டா என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள். ஒவ்வோர் அறையிலும் இதையே கேட்பார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வயது வரை அதற்கேற்ப வயதைத் திருத்திக் கணக்கிடுவார்கள்.

பெயர்ப் பொருத்தத்தை இன்றே பார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், அல்லது ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால், பின்னால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது திருப்பி அனுப்பப்படும். பிறப்புச் சான்றிதழில் பெயரே சேர்க்காமல் விட்டிருந்தால், குழந்தைக்கு ஒரு வயது முடியும் முன் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் கட்டணம் உண்டு.

7. மதிப்பீட்டு நாள்

முழு மதிப்பீடு ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகும். இரண்டு நாட்களாகப் பிரித்தும் வைப்பார்கள். குழந்தை தூங்கி எழுந்து சாப்பிட்டு முடித்திருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பகல் தூக்கத்துக்கு நடுவில் கொடுக்கப்பட்ட நேரம் என்றால் மாற்றித் தரச் சொல்லத் தயங்காதீர்கள். பழகிய தின்பண்டம், மாற்றுடை, பிடித்த பொம்மை ஒன்று வேண்டும். கைபேசியைக் குழந்தையின் கண்ணில் காட்டாதீர்கள். பகலில் குழந்தையோடு இருப்பவர் கட்டாயம் வர வேண்டும். அப்பாவும் வந்தால் நல்லது. நோயறிதலை இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வாயிலிருந்து கேட்பதால், வீட்டில் பின்னால் வரும் பல வாதங்கள் குறையும்.

உள்ளே, தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுவார்கள், குழந்தை கேட்கும் வரை நிறுத்துவார்கள். சாவி கொடுத்து ஓடும் பொம்மையை ஓடவிட்டு, அது நின்றதும் குழந்தை யாரைப் பார்க்கிறது என்று பார்ப்பார்கள். குழந்தைக்கு எடுத்துக்கொடுக்காதீர்கள். ‘வீட்டுல செய்வான், இங்கதான் செய்யல’ என்று சொல்ல வாய் வரும். அதைப் பிறகு, உங்களிடம் கேட்கும்போது சொல்லுங்கள். தனியாரிடம் இரண்டு அமர்வுக்கும் அறிக்கைக்கும் சேர்த்து நாங்கள் 6,500 ரூபாய் கொடுத்தோம்; அறிக்கை 12 நாள் கழித்து வந்தது.

மூளை ஸ்கேனும், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படுவன அல்ல. வலிப்பு, தலைச் சுற்றளவில் மாறுபாடு, நரம்பியல் அறிகுறி, கற்றதை இழத்தல் போன்ற காரணம் இருந்தால்தான் மருத்துவர் எழுதுவார். எழுதினால், எதற்காக என்று பணிவாகக் கேளுங்கள். மரபணுச் சோதனையும் காரணத்தைத் தேடுவதற்கானது. அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணுபவர்களுக்கு அது பயன்படும், ஆனால் அதன் முடிவு வரும் வரை நோயறிதலையோ பயிற்சியையோ நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

8. அறிக்கையை அங்கேயே வாசியுங்கள்

நல்ல அறிக்கையில் இவை இருக்கும்: குழந்தையின் வயது மாதக் கணக்கில், பயன்படுத்திய கருவிகளின் பெயரும் மதிப்பெண்ணும், நேரில் பார்த்தவை, டி.எஸ்.எம்.-5 என்ற மனநல நோயறிதல் கையேட்டின் அளவுகோலின்படி முடிவு, பேச்சு மற்றும் வளர்ச்சி நிலை எத்தனை மாதத்துக்குச் சமம் என்பது, எந்தப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை முறை என்ற பரிந்துரை, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும். ‘ஆட்டிசக் கூறுகள் காணப்படுகின்றன’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது முடிவா, ஐயமா, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு, அதையும் எழுதி வாங்குங்கள்.

இந்தியாவில் சான்றிதழுக்குப் பயன்படும் ‘இசா’ என்ற அளவுகோல் 40 கேள்விகள் கொண்டது. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. அது மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு சொன்னால், மற்றச் சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்.

9. காத்திருக்கும் நாட்களிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள்

தாமதம் இருக்கிறது என்று தெரிந்ததுமே பயிற்சி தொடங்கலாம்; ஆட்டிசம் என்று மருத்துவர் பெயர் சொன்ன பிறகுதான் என்று ஒரு விதியும் இல்லை. நான் மனமார வருந்துவது இதற்காகத்தான்: அறிக்கை வரட்டும் என்று இருந்த நாட்களில் நான் அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடியிருக்கலாம். குழந்தை பார்ப்பதை நீங்களும் பார்த்து, அதன் பெயரை ஓரிரு சொல்லில் சொல்லுங்கள். கேட்கும் முன் எடுத்துக் கொடுக்காமல் ஐந்து நொடி பொறுத்துப் பாருங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்யும் இந்தச் சிறு விளையாட்டுகள், வாரம் இரண்டு முறை மையத்தில் நடப்பதைவிட நேரத்தில் பல மடங்கு. தாய்மொழியை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசும்படி சிலர் சொல்வார்கள். இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது, உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள்.

திரையைக் குறைப்பது எல்லாக் குழந்தைக்கும் நல்லது. ஆனால் ‘செல்போனால் வந்தது, நிறுத்தினால் போய்விடும்’ என்று நம்பி ஆறு மாதம் காத்திருப்பது ஆபத்து. நிறுத்துங்கள், அதே வாரத்தில் மதிப்பீட்டுக்கும் பதிவு செய்யுங்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. தவறவிட்ட ஊசி இருந்தால் போட்டுவிடுங்கள்.

தனியாரிடம் 45 நிமிடப் பேச்சுப் பயிற்சிக்கு 500 ரூபாயும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு 600 ரூபாயும் கொடுத்தோம். வாரம் இரண்டு முறை வீதம் மாதம் 8,800 ரூபாய், ஆட்டோ செலவு தனி. இதைத் தாங்க முடியாத மாதங்களில் அரசு மையத்துக்கும், பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் நடக்கும் பயிற்சிக்கும் போனோம். பெற்றோரை அறைக்குள் அனுமதித்து, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுத் தரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

குணப்படுத்திவிடுவதாக வாக்குக் கொடுப்பவர்களிடம் பணத்தையும் குழந்தையையும் ஒப்படைக்காதீர்கள். குருத்தணுக்களை உடலில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. இலட்சக் கணக்கில் செலவாகும் அந்த ஊசிக்காக நகையை அடகு வைத்த பெற்றோர் ஒருவரைக் காத்திருப்பு அறையில் சந்தித்தேன். அவர்கள் அந்தப் பணத்தில் மூன்று ஆண்டுக்கான பயிற்சியைக் கொடுத்திருக்கலாம்.

10. சான்றிதழும் அட்டையும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. யு.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் கட்டணமில்லாமல் விண்ணப்பிக்கலாம். சான்றிதழும் அதே வழியாகத்தான் வரும். குழந்தையின் புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, மருத்துவ அறிக்கை ஆகியவை வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டால், குறைபாட்டின் வகையை ‘ஆட்டிசம்’ என்றே தேர்ந்தெடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ‘அறிவுசார் குறைபாடு’ என்று தவறாகப் போனால் திருத்த மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பிறகு குறிப்பிட்ட நாளில் அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ குழந்தையை நேரில் காட்ட வேண்டும். விதிப்படி மூன்று மாதத்துக்குள் முடிவு வர வேண்டும். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

சலுகைகள் பெரும்பாலும், சான்றிதழில் எழுதப்படும் குறைபாட்டின் அளவு 40 சதவீதமாக இருப்பதிலிருந்து தொடங்குகின்றன. அட்டையின் நிறம் 40-க்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். சான்றிதழ் கிடைத்ததும், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள்: ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். பணம் திரும்பக் கிடைக்க அசல் பில் வேண்டும். கட்டணத்தை ரொக்கமாகக் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் முத்திரையோடு பில் கேளுங்கள். பராமரிப்பு உதவித்தொகை, பேருந்துச் சலுகை ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

சான்றிதழ் வாங்கினால் குழந்தைக்கு முத்திரை குத்தியது போல் ஆகிவிடும் என்று என் வீட்டில் ஓராண்டு தயங்கினோம். அதை யாரிடமும் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவைப்படும் அலுவலகத்தில் மட்டும் கொடுத்தால் போதும். சின்னக் குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் தற்காலிகமாகவே கொடுக்கப்படும், ஏனெனில் நிலை மாறும். முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே மறுமதிப்பீட்டுக்கு நேரம் வாங்குங்கள். அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி எங்கள் கோப்பின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் கீழேயே, அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட, அவன் புதிதாகச் சுட்டிக்காட்டியவற்றை எழுதிக்கொண்டு வருகிறேன். கடைசியாக எழுதியது, எதிர்வீட்டு மதில்மேல் வந்து உட்கார்ந்த காக்கை.